அபாயகரமாக நின்ற சுவர்

போன வாரம், என் பழைய ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பழைய கட்டடம் ஒன்றைப் பார்வையிட்டுவிட்டு, அறிக்கையில் ‘அபாயகரமாக இருக்கிறது’ என்று எழுதுவதா, ‘பழுதடைந்து இருக்கிறது’ என்று எழுதுவதா எனத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நானும் காபி கொடுத்து, சட்டம் என்ன சொல்கிறது, மேலதிகாரி என்ன கேட்பார் என்றெல்லாம் அரை மணி நேரம் அளந்து அனுப்பிவைத்தேன். நீங்கள் தெருமுனை திரும்பியதும் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. நான் சொன்னது பாதிப் பதில். மீதியைச் சொல்ல வேண்டுமானால் ஒரு சிநேகிதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கதையை நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி அனுப்புகிறேன்.

அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரம் நகராட்சியில் ஓவர்சியராகச் சேர்ந்தேன். எங்களுடையது வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம். வயலை விட்டு வெளியே வந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஊரிலுள்ள பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்த்து, எது தாங்கும், எது தாங்காது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்போதுதான் கோப்புகளெல்லாம் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தன. எந்தச் சுவருக்கு எந்த வார்த்தையைப் போடுவது என்பதில் எங்கள் எல்லோருக்குமே குழப்பம்.

சேர்ந்த சில மாதங்களில் ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘கூரை ஓரளவு அபாயகரமாக உள்ளது’ என்று எழுதினேன். எழுதியபோது பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் பொறியாளர் கடுகடுவென்று இருக்கும் மனிதர். ஆளனுப்பிக் கூப்பிட்டு, காகிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“ஓரளவுன்னா என்னய்யா அர்த்தம்? பாதிக் கூரை மட்டும் விழுமா? இல்ல, பாதிப் பிள்ளைங்க தலையில மட்டும் விழுமா?”

“கொஞ்சம்தான் சார் உத்திரம் இறங்கியிருக்குது. அதான்...” என்று இழுத்தேன்.

“உத்திரத்துக்காக நீ இந்த வார்த்தைய போடல. உன் பயத்துக்காகப் போட்டிருக்க. விழுந்தா ‘அபாயம்னு எழுதினேனே’ம்ப. விழலைன்னா ‘ஓரளவுதானே எழுதினேன்’ம்ப. எடுத்துட்டுப் போ, போய் மறுபடியும் பாத்துட்டு வந்து எழுது.”

மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு ‘ஓரளவு’ என்பதை அடித்தேன். பிள்ளைகள் ஒரு மாதம் மரத்தடியில் படித்தார்கள். அன்று கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுவர் அபாயகரமாக நிற்கிறது என்றால், அது விழப்போகிறது என்று பொருள் இல்லை. நாளைக்கும் நிற்கலாம், நம் பேரன் காலத்திலும் நிற்கலாம். நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஊரில் இதையே ‘அந்தரத்துல நிக்குது’ என்பார்கள். அந்தரத்தில் நிற்கிற ஒன்றுக்குக் கீழே மனிதர்கள் படுத்துத் தூங்கக் கூடாது. இதைத்தான் அந்த வார்த்தை சொல்கிறது. சுவரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தாலும், கீழே படுத்திருப்பவனுக்காகத்தான் அந்த வார்த்தையை எழுதுகிறோம்.

இதுவரை போன வாரமே உங்களிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்லப்போவதைத்தான் விழுங்கிவிட்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். எதிர்வீட்டில் ஏகாம்பரம் இருந்தான். என் வயதுதான். அப்பா இல்லை. அம்மா, தங்கை தனபாக்கியம், ஒரு தறி, இவ்வளவுதான் குடும்பம். நான் அறைக்கு வந்த முதல் நாளே, “இன்னாபா, தனியா பொங்கித் துன்னப் போறியா? துன்னு பாரு, நாலு நாளுல ஓடிருவ” என்று சிரித்தான். நாலாம் நாள் ராத்திரி சாப்பாடு அவன் வீட்டில்தான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் என் சாயங்காலங்கள் எல்லாம் அந்த வீட்டில்தான் கழிந்தன.

அவன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வான். பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால், கரைக்கென்று பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஊடைநூல் சுற்றிய நாடாக் கட்டையைக் கோத்துக் கோத்துத் தள்ள வேண்டும். அந்த வேலை தனபாக்கியத்துடையது. நான் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து ஆபீஸ் கதை சொல்வேன். அவன் பேச்சுக்குப் பேச்சு கிண்டல் அடிப்பான். ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிளில் வாலாஜாபாத் சந்தைக்குப் போவோம். ஒருநாளும் அவன் மிதித்தது கிடையாது. “வாரமெல்லாம் தறி மிதிக்கற காலுடா இது. இன்னிக்கு அதுக்கு லீவு” என்று பின்னால் ஏறிக்கொள்வான். போக வர முழுக்க அவனைச் சுமந்துகொண்டு மிதித்திருக்கிறேன். இப்போதும் அந்தச் சாலையில் பஸ்ஸில் போனால் முதுகுக்குப் பின்னால் யாரோ பேசிக்கொண்டு வருவதுபோல இருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் இருக்க வெகு பாடுபடுவேன்.

தனபாக்கியத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊரெல்லாம் கட்டும் முகூர்த்தப் புடவையை நெய்கிற வீட்டில், அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பட்டு அமைவது அவ்வளவு எளிதில்லை. ஏகாம்பரம் எப்படியோ பட்டும் ஜரிகையும் சேர்த்துத் தங்கைக்கென்றே ஒரு பாவு, புடவையின் நீளவாட்டு நூல், தறியில் ஏற்றினான். அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. கரைக்குப் பக்கத்தில் வேறு யாரையாவது உட்கார வைக்கிறேன் என்றான். அந்தப் பெண் விடவில்லை.

“ஏண்ணா, ஊரு புடவைக்கெல்லாம் நான் கோத்தேன், என் புடவைக்கு இன்னொருத்தி கோக்கறதா? போயி உன் வேலைய பாரு” என்றாள்.

அப்படியாகத் தன் கல்யாணப் புடவையைத் தானே நெய்துகொண்டிருந்தாள். மணப்பெண்ணின் புடவைப் பாவை நடுவில் அறுக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் ஒரு வழக்கம். நெய்து முடித்துப் பூசை போட்டுத்தான் தறியிலிருந்து இறக்குவார்கள்.

அந்த வருஷக் கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டுவதற்காகத் தன் வீட்டை இடித்தார். இடித்ததோடு சரி, கட்டவில்லை. அதுவரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒடுங்கி நின்ற ஏகாம்பரம் வீட்டு மண்சுவர், ஒரு பக்கம் ஆதரவில்லாமல் வெட்டவெளிக்கு வந்தது. ஐப்பசி மழை அதன் மேல் நேராக அடித்தது. தறி இருந்ததும் அந்தச் சுவரோரம்தான்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு சுவர் விழுந்து, கொட்டிலில் கட்டியிருந்த பசு செத்துப்போனது. பொறியாளர் என்னைக் கூப்பிட்டு, அந்த வட்டாரத்தில் இருக்கிற மண்சுவர்களையெல்லாம் பார்த்து மறுநாள் காலைக்குள் எழுதித் தரச் சொன்னார். தெருத் தெருவாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியாக ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். கடைசியாக ஏன் போனேன் என்று உங்களுக்கே தெரியும்.

நேர் பார்ப்பதற்காக மேலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். சுவரின் நடுப்பகுதி வெளியே பிதுங்கியிருந்தது. அடியில் கையை வைத்தால் மண் குழைந்து வந்தது. அந்தச் சுவரின் தலையில்தான் வீட்டின் உத்திரம் உட்கார்ந்திருந்தது.

“இன்னாடா வேலு, குண்டைக் கட்டித் தொங்கவுட்டுக்கினு பாக்கற? செவுரு எங்க ஓடிடப் போவுது?” என்றான் ஏகாம்பரம்.

“வயிறு தள்ளிக்கினு இருக்குதுபா.”

“எங்க சித்தப்பனுக்குக்கூடத்தான் தள்ளிக்கினு இருக்குது. கல்லாட்டம் சுத்திக்கினு கீறாரு.”

நான் சிரிக்கவில்லை. அவன் முகமும் மாறியது. என் தோளில் கையைப் போட்டு வெளியே அழைத்துக்கொண்டு வந்தான்.

“இத பாரு, இன்னும் முந்தி மட்டும்தான் பாக்கி. எட்டு நாளு. ராவும் பகலுமா உக்காந்தா ஆறு நாளு. லேசா சாஞ்சிருக்குதுன்னு எழுதிக்கோ. முடிச்சி இறக்கினதும் நீயே கடப்பாரை எடுத்துக்கினு வா, நானே இடிக்கறேன்.”

“மழை வுடலியேடா.”

“உனக்கு ஒரு வார்த்தைதானடா அது. எங்களுக்கு அவ கல்யாணம்.”

உள்ளே தனபாக்கியம் நாடாவைக் கோத்துக்கொண்டே எங்களைப் பார்த்தாள். “அண்ணா, டீ வச்சிருக்கேன், குடிச்சிட்டு எழுதுங்க” என்றாள். குடித்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

அறைக்குப் போய்க் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘சற்றே’ என்று எழுதினேன், அடித்தேன். ‘லேசாக’ என்று எழுதினேன். அது பொய் இல்லை, சுவர் லேசாகத்தான் சாய்ந்திருந்தது. ஆனால் அடியில் கரைந்துகொண்டிருந்த மண்ணை என் கை பார்த்துவிட்டதே. அந்தச் சுவரோரம் மூன்று பேர் படுத்துத் தூங்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரோ, அவர்களுக்கு ஒரு வார்த்தை எழுதினேன். இவர்கள் எனக்குச் சோறு போட்டவர்கள் என்பதற்காக வேறு வார்த்தையா? ‘தெற்குச் சுவர் அபாயகரமாக நிற்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் பொறியாளர் படித்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் உத்தரவு போட்டார். உடனே காலி செய்ய வேண்டும், உள்ளே ஒருவரும் நிற்கக் கூடாது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். அந்த வார்த்தை தவறில்லை.

நோட்டீசை எடுத்துக்கொண்டு நானே போயிருக்க வேண்டும். எதிர்வீடு, இருபது அடி. நான் பியூன் கையில் கொடுத்து அனுப்பினேன். கூட இரண்டு ஆட்களையும் அனுப்பிவிட்டு, ஆபீஸில் ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோல ஒரு பழைய கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாலு சவுக்குக் கட்டைகளை வைத்து வெளிப்பக்கம் முட்டுக் கொடுத்திருந்தால் அந்தச் சுவர் அரை நாள் தாங்கியிருக்கும். எட்டு நாள் தாங்காது, மழையில் கட்டையின் காலே புதைந்துவிடும். அரை நாளைக்கு நான் பொறுப்பேற்கலாம். அந்த அரை நாளில் நாலு பேர் நிதானமாக நின்று, பாவை அறுக்காமல் சுருட்டி எடுத்து, வேறொரு வீட்டுத் தறியில் ஏற்றியிருக்கலாம். இது எனக்கு அன்று காலையிலேயே தெரியும். கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கத்தான் இல்லை.

சாயங்காலம் பியூன் திரும்பி வந்தார். நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறவர்.

“காலி பண்ணியாச்சு சார். பாத்திரம் பண்டமெல்லாம் எடுத்துட்டாங்க. பாவுதான் எடுக்க முடியல. அறுத்துட்டாங்க.”

“யாரு அறுத்தது?”

“அண்ணங்காரனுக்குக் கை ஓடல சார். கத்திய வச்சிக்கினு அப்படியே உக்காந்துட்டான். அந்தப் பொண்ணுதான் வாங்கி அறுத்துச்சு.”

நான் அன்று அறைக்குப் போகவில்லை. ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வந்தபோது எதிர்வீடு பூட்டியிருந்தது. அவர்கள் திருப்புட்குழியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று தெருவில் சொன்னார்கள். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. தனபாக்கியம் கடையில் வாங்கிய, யாரோ நெய்த புடவையைக் கட்டிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பத்திரிகை வரவில்லை. வரும் என்று தபால்காரரைத் தினமும் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுவர் விழுந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? விழவில்லை. அந்த மழையில் விழவில்லை. அடுத்த ஐப்பசியிலும் விழவில்லை. உத்திரத்தையும் ஓடுகளையும் பிரித்து எடுத்துவிட்டார்கள், அதனால் பாரம் குறைந்தது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்வேன். ஊர்க்காரர்களுக்கு விளக்கமா வேண்டும்? அதற்கு ‘ஓவர்சியர் செவுரு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தால், “இன்னா சார், உங்க செவுரு சௌக்கியமா கீதா?” என்று விசாரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்க்கப் போவேன். குடையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்று, விழுந்து தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சுவேன். அது விழுந்தால் அந்தச் சேதி திருப்புட்குழிக்குப் போகும். ஏகாம்பரம் கேள்விப்படுவான். வேலு நம் உயிரைக் காப்பாற்றினான் என்று நினைப்பான். ஞாயிற்றுக்கிழமை காலை என் அறை வாசலில் வந்து நிற்பான். இப்படி ஒரு கணக்கு. ஒரு சுவர் இடிந்து விழ வேண்டும் என்று ஏங்குகிற ஓவர்சியரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எனக்கு அது ஆறேழு மழைக்காலம் நீடித்தது. அறையைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் அவன் வந்து தேடுவானே என்று இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் அந்த மனையை யாரோ வாங்கினார்கள். சுவரை இடிக்க ஆள் வைத்தார்கள். இரண்டு பேர் கடப்பாரையோடு இரண்டு நாள் போராடித்தான் அதைச் சாய்த்தார்கள். மொத்தத் தெருவும் வேடிக்கை பார்த்தது. சுவர் விழுந்து என்னைக் காப்பாற்றும் என்கிற நம்பிக்கை அதோடு போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு திருப்புட்குழிக்குப் போனேன்.

ஏகாம்பரம் தறியில் இருந்தான். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பாயை விரித்தான்.

“வாங்க சார். உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சு மறந்துவிட்டது.

“தனம் எப்பிடி இருக்குது?” என்று கேட்டேன்.

“நல்லா கீது சார். ரெண்டு பசங்க.”

“அந்தச் செவுர இடிச்சிட்டாங்க ஏகாம்பரம். ரெண்டு நாளு ஆச்சு இடிக்க. நான் எழுதனது தப்புபா. என்னை மன்னிச்சிடு.”

அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான். கோபமாக இருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் இல்லை.

“எழுதனது தப்புன்னு நான் எப்ப சார் சொன்னேன்? அடுத்த நாளே விழுந்திருந்தா? எங்க அம்மா அந்தச் செவுத்தோரம்தான படுக்கும். நீங்க எழுதனது சரிதான். அன்னிக்கே தெருவுல எல்லாரு கிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன்.”

பிறகு குரலை இறக்கிச் சொன்னான்.

“பியூன் உள்ள நின்னு வேலை செய்ய வுடல. ரெண்டு கட்டைய முட்டுக் குடுத்துட்டு சுருட்டிக்கறோம்னு கெஞ்சினேன். ஓவர்சியர் வந்து சொன்னா வுடறேன்னாரு. தனம் வாசப்படியிலயே நின்னுக்கினு இருந்துச்சு. ‘வேலு அண்ணன் வரும், இரு’ன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. மழையில நனைஞ்சிக்கினு, மத்தியானம் வரைக்கும் நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் எங்கிட்டேர்ந்து கத்திய வாங்குச்சு. நீங்க வரல. அவ்ளோதான் சார்.”

அவன் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வந்து வழியனுப்பினான்.

தம்பிகளே, போன வாரம் நான் விழுங்கிய மீதிப் பதில் இதுதான். அந்த வார்த்தையை எழுத வேண்டிய இடத்தில் எழுதுங்கள். ‘ஓரளவு’ சேர்க்காதீர்கள். சுவர் விழாமல் நின்று ஊர் சிரித்தாலும் கவலைப்படாதீர்கள். ஆனால் எழுதிய காகிதத்தை இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்களே போங்கள். அந்த வீட்டுக்காரர்கள் திட்டுவார்கள், அழுவார்கள், அரை நாள் கேட்பார்கள். அந்த அரை நாளைக் கொடுக்க முடியுமா என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். திருப்புட்குழியிலிருந்து வந்த பிறகு, ஓய்வு பெறும் வரை, நான் ‘அபாயகரமாக’ என்று எழுதிய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நானே போய் நின்றேன். கட்டை பிடித்தேன், பீரோ தூக்கினேன், ஒரு வீட்டில் செருப்படிகூட வாங்கப் பார்த்தேன். அதெல்லாம் ஒரு பாரமாகவே தெரியவில்லை.

ஏகாம்பரம் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அவன் என்னிடம் பகை பாராட்டினான் என்று சொல்லவே மாட்டேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்காவது எதிரே வந்தால் நிற்பான், சௌக்கியம் விசாரிப்பான், “வரேன் சார்” என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடுத்தெருவில் என் சட்டையைப் பிடித்து, “ஏன்டா வேலு, அன்னிக்கு ஏன்டா வரல?” என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், அங்கேயே அவன் காலில் விழுந்திருப்பேன். கடைசி வரைக்கும் அவன் அப்படிக் கேட்கவில்லை.